பெருவிமானமும் சிறு கையசைவும்

ஒரு கணினி, அதனோடு இணைத்த ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு பறப்புப் பாவனை மென்பொருள். இவை மூன்றும் வீட்டு மேசையில் இருந்தால் போதும். புக்கிட் பெருந்துங்கில் வசிக்கும் மாணவர் ஒருவர், சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து விமானத்தை மேலெழுப்பி, உலகின் எந்த மூலைக்கும் பறந்து செல்லலாம். எரிபொருள் செலவு இல்லை. உயிருக்கு ஆபத்தும் இல்லை.

பெரும்பாலோர் முதலில் செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்தில் பழகுகின்றனர். கை ஓரளவு பழகியதும், போயிங் 737 அல்லது ஏர்பஸ் ஏ320 போன்ற பயணிகள் விமானத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விமானத்தின் மூக்கு மேலும் கீழும் ஊசலாடுகிறது. ஓடுபாதையில் ஓடும்போது ஒரு பக்கமாக இழுக்கிறது. தரையிறங்க வேண்டிய நேரத்தில் விமானம் இன்னும் பல ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. "விமானம் என் சொல்லைக் கேட்கவே இல்லை" என்று பலர் சலித்துக்கொள்கின்றனர்.

உண்மையில், விமானம் கேட்கிறது. ஆனால், தாமதமாகக் கேட்கிறது. சில வேளைகளில், நாம் சொன்னதை நாமே அறியாதபோதும் அதைக் கேட்டுவிடுகிறது. இந்த இரண்டு உண்மைகளையும் புரிந்துகொண்டால் பெருவிமானத்தைக் கட்டுப்படுத்துவதில் உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். உண்மையான விமானிகள் கற்கும் பாடங்களும் இவையே.

பாவனைப் பறப்பின் தொடக்கம்

தரையில் இருந்தபடியே பறக்கப் பழகும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர் 1929ஆம் ஆண்டில் அதற்கான பொறியை உருவாக்கினார். அவருடைய தந்தை பியானோ, ஆர்கன் ஆகிய இசைக்கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். ஆர்கன் கருவியில் காற்றை ஊதும் துருத்திகளைக் கொண்டே லிங்க் தம் பொறியைச் சாயவும் திரும்பவும் வைத்தார். தொடக்கத்தில் அதனைப் பலரும் கேளிக்கைப் பொருளாகவே கருதினர். 1934ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் அஞ்சல் விமானங்களை ஓட்டி உயிரிழந்தனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கின் பொறிகளை வாங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது இலட்சக்கணக்கானோர் அவற்றில் பயிற்சி பெற்றனர்.

கணினி வந்த பிறகு இப்பயிற்சி வீட்டுக்குள் நுழைந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் தனது முதல் பறப்புப் பாவனை மென்பொருளை வெளியிட்டது. இன்றைய மென்பொருள்கள் காற்றின் வேகம், விமானத்தின் எடை, இயந்திரத்தின் விசை ஆகியவற்றை நொடிதோறும் கணக்கிட்டு விமானத்தை நகர்த்துகின்றன. எனவே, அவற்றில் தோன்றும் சிக்கல்களில் பல, உண்மையான இயற்பியல் விதிகளிலிருந்தே பிறக்கின்றன.

எடையும் தாமதமும்

செஸ்னா 172 விமானத்தின் முழு எடை ஏறத்தாழ 1.1 டன். போயிங் 737-800 விமானம் புறப்படும்போது இருக்கக்கூடிய உச்ச எடை சுமார் 79 டன். அதாவது, எழுபது மடங்குக்கும் மேல்.

எடை கூடக்கூட, ஒரு பொருள் தன் நிலையிலிருந்து மாற மறுக்கும் தன்மையும் கூடுகிறது. இதனை நிலைமம் என்பர். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் இதனை எளிதாகக் காணலாம். மோட்டார் சைக்கிளில் வருபவர் பள்ளத்தைக் கண்டதும் சட்டென விலகிச் செல்வார். செம்பனைக் குலைகளை ஏற்றி வரும் கனவுந்தின் ஓட்டுநரால் அவ்வாறு செய்ய முடியாது. அவர் பள்ளத்தைத் தொலைவிலேயே பார்க்க வேண்டும். முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும். பெருவிமானத்தை ஓட்டுபவர் அந்தக் கனவுந்து ஓட்டுநரைப் போன்றவர்.

இயந்திரமும் அவ்வாறே. மகிழுந்தில் மிதியை அழுத்தியதும் வேகம் கூடுகிறது. ஜெட் இயந்திரத்தின் உள்ளே இருக்கும் கனமான சுழலிகள் குறைந்த சுழற்சியிலிருந்து முழுவிசைக்கு வர ஐந்து முதல் எட்டு வினாடிவரை ஆகலாம். தரையிறங்க நெருங்கும்போது போயிங் 737-800 விமானத்தின் வேகம் ஏறத்தாழ 140 நாட். இது மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் ஆகும். எட்டு வினாடிக்குள் அவ்விமானம் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் முன்னே சென்றுவிடும். வழக்கமான வீதத்தில் இறங்கிக்கொண்டிருந்தால் ஏறத்தாழ 90 அடி கீழேயும் வந்துவிடும். விசை தேவை என்பதை அந்த நொடியில் உணர்வது போதாது. எட்டு வினாடிக்கு முன்னரே உணர்ந்திருக்க வேண்டும்.

துரத்தும் கை

புதியவர்களை மிகவும் அலைக்கழிக்கும் சிக்கல் ஊசலாட்டம். அது எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். விமானத்தின் மூக்கு சற்றுத் தாழ்கிறது. ஓட்டுபவர் ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கிறார். விமானம் உடனே எழவில்லை. இழுத்தது போதவில்லை என்று எண்ணி இன்னும் இழுக்கிறார். இப்போது, முதலில் இழுத்ததன் விளைவும் பிறகு இழுத்ததன் விளைவும் ஒன்றுசேர்ந்து வருகின்றன. மூக்கு அளவுக்கு மீறி எழுகிறது. அவர் பதறிப்போய் முன்னால் தள்ளுகிறார். மூக்கு முன்பைவிட ஆழமாகத் தாழ்கிறது. ஒவ்வொரு திருத்தமும் அடுத்த தவற்றை உண்டாக்குகிறது. விமானம் தானாக ஊசலாடவில்லை. அதைத் துரத்தும் கைதான் ஊசலாட வைக்கிறது.

இதற்கு மருந்து ஒன்றே: சிறிதளவு அசை, நிறுத்து, விளைவைப் பார், பிறகு தேவைப்பட்டால் மீண்டும் அசை. ஊசலாட்டம் தொடங்கிவிட்டால், அதனை எதிர்த்துப் போராடாமல் ஜாய்ஸ்டிக்கை நடுநிலைக்குக் கொண்டு வந்து ஓரிரு வினாடி காத்திருப்பது நல்லது. போதுமான உயரத்தில் பறக்கும்போது பெரும்பாலான விமானங்கள் தாமாகவே அமைதியடையும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளன. தரைக்கு மிக அருகில் ஊசலாட்டம் தொடங்கினால், தரையிறங்குவதைக் கைவிட்டு, விசையைக் கூட்டி மீண்டும் மேலெழுவதே முறை.

மேலெழும்போதும் இதே நிதானம் தேவை. உரிய வேகம் வந்ததும் மூக்கை வினாடிக்கு 2 அல்லது 3 பாகை வீதம் மெல்ல உயர்த்த வேண்டும். சட்டென இழுத்தால் நீண்ட உடலைக் கொண்ட விமானத்தின் வால் ஓடுபாதையில் உரசிவிடக்கூடும்.

அளவுக்கு மீறிய அசைவு எத்துணைக் கொடிய விளைவைத் தரும் என்பதற்கு உண்மையான சான்றும் உண்டு. 2001 நவம்பர் 12ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 எனும் பயணத்தின்போது, முன்னே சென்ற மற்றொரு பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழல் அந்த விமானத்தை அசைத்தது. அதனைச் சமாளிக்கச் சுக்கான் மிதி இடமும் வலமுமாக மாறிமாறிப் பலமாக அழுத்தப்பட்டது. அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் விமானத்தின் செங்குத்து வால் முறிந்து விழுந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் இருந்த 5 பேரும் உயிரிழந்தனர். காற்றுச் சுழல் அந்த விமானத்தை வீழ்த்தவில்லை. தேவைக்கு மிஞ்சிய சுக்கான் அசைவுகளே வீழ்த்தின என்று விசாரணை முடிவு கூறியது. அந்த ரகத்தில் சுக்கான் மிதி மிகவும் கூருணர்வு கொண்டதாக அமைந்திருந்ததும், விமானிகளுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியும் இதற்குத் துணைக் காரணங்களாக அமைந்தன.

குறை கையிலா, கருவியிலா?

எல்லாச் சிக்கலுக்கும் கையே காரணம் என்று கூறிவிட முடியாது. வீட்டில் பயன்படுத்தும் கருவிகளும் விமானத்திற்குத் தவறான கட்டளைகளை அனுப்பக்கூடும்.

முதலாவது, ஜாய்ஸ்டிக்கின் தேய்மானம். விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகள் பலவற்றின் உள்ளே, ஒன்றோடொன்று உரசி மின்தடையை மாற்றும் சிறு பாகங்கள் உள்ளன. அவை நாளடைவில் தேய்ந்தோ தூசு படிந்தோ போகும். அதன் பிறகு, கையை எடுத்துவிட்டாலும் கருவி இடைவிடாமல் சிறுசிறு கட்டளைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். காந்தப்புலத்தை உணர்ந்து இயங்கும் வகையில் இந்த உரசல் இல்லை; ஆதலால், அவை நீண்ட காலம் உழைக்கின்றன. தேய்ந்த ஜாய்ஸ்டிக்கைச் சமாளிக்க, நடுவில் ஒரு சிறு அசைவற்ற பகுதியை மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம். அப்பகுதிக்குள் ஏற்படும் நடுக்கத்தை மென்பொருள் பொருட்படுத்தாது. ஆனால், இப்பகுதியை மிகப் பெரிதாக்கினால், கை முதலில் எதையும் செய்யாததுபோலத் தோன்றும். பிறகு, விமானம் திடீரெனத் துள்ளும்.

இரண்டாவது, அசைவின் அளவு. உண்மையான போயிங் 737 விமானத்தின் கைப்பிடி நீண்ட தூரம் நகரும். கைக்கு எதிர்விசையும் தரும். மேசைமேல் இருக்கும் ஜாய்ஸ்டிக் சில சென்டிமீட்டர் மட்டுமே நகர்கிறது. எனவே, விரல் நுனியின் அசைவுகூடப் பெரிய கட்டளையாகிவிடும். மென்பொருளின் அமைப்பில், நடுப்பகுதியின் அசைவுகள் மென்மையாகவும் ஓரப்பகுதியின் அசைவுகள் வலுவாகவும் இருக்குமாறு மாற்றிக்கொண்டால் இக்குறை வெகுவாகக் குறையும்.

மூன்றாவது, இரட்டைக் கட்டளை. புதிய கருவி ஒன்றைக் கணினியில் பொருத்தும்போது, சில மென்பொருள்கள் அதற்குத் தாமாகவே பணிகளை ஒதுக்கிவிடும். அப்போது, ஜாய்ஸ்டிக்கும் விளையாட்டுக் கைக்கருவியும் ஒரே நேரத்தில் சுக்கானை இயக்கலாம். இருவர் ஒரே சக்கரத்தைப் பிடித்து மகிழுந்தை ஓட்டுவதற்கு இது ஒப்பாகும்.

நான்காவது, கணினியின் வேகம். திரையில் ஒரு வினாடிக்கு 60 படங்கள் மாறினால் அசைவு இயல்பாகத் தெரியும். கணினி திணறி, அந்த எண்ணிக்கை 15க்குக் குறைந்தால், கை செய்ததைக் கண் காண்பதற்குள் காலம் கடந்துவிடும். விமானத்தின் இயல்பான தாமதத்தோடு இந்தத் தாமதமும் சேர்ந்துகொள்வதால் ஊசலாட்டம் கட்டுக்கடங்காமல் போகிறது. அத்தகைய வேளையில், மேகங்கள், கட்டடங்கள் ஆகியவற்றின் நுணுக்கத்தைக் குறைத்தாலே விமானம் கட்டுக்குள் வந்துவிடும்.

ஓடுபாதையில் விமானம் ஒரு பக்கமாக இழுப்பதற்கும் காரணங்கள் பல. பக்கவாட்டில் காற்று வீசினால், பெரிய செங்குத்து வாலைக் காற்று தள்ளுவதால், மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். இரண்டு இயந்திரங்களின் விசையும் சமமாக இல்லாவிட்டாலும் விமானம் திரும்பும். அதனால்தான் போயிங் 737 விமானிகள் முதலில் விசையைச் சுமார் 40 விழுக்காட்டிற்கு உயர்த்தி, இரண்டும் சமநிலைக்கு வந்ததை உறுதிசெய்த பின்னரே முழுமையாகக் கூட்டுகின்றனர்.

உண்மையான காரணத்தை எவ்வாறு கண்டறிவது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். முதலில் காற்றில்லாத வானிலையை அமைத்துப் பார்க்கலாம். சிக்கல் மறைந்தால் காரணம் காற்று. மறையாவிட்டால், கூடுதல் கருவிகளைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். பிறகு, ஜாய்ஸ்டிக்கின் அமைப்பைச் சரிபார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சிக்கல் தீர்ந்தாலும், எதனால் தீர்ந்தது என்பது தெரியாமலே போய்விடும். அறிவியல் கூடத்தில் நாம் பின்பற்றும் முறையும் இதுவே.

இரண்டு விமானங்கள், இரண்டு இயல்புகள்

பெருவிமானங்கள் அனைத்தும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. போயிங் 737 விமானத்தில், விமானியின் கைப்பிடி வாலிலும் இறக்கையிலும் உள்ள தகடுகளை இயக்குகிறது. வேகமோ இறக்கை மடல்களின் நிலையோ மாறும்போது மூக்கு மேலோ கீழோ செல்ல முற்படும். அதனைத் தடுக்க விமானி கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. டிரிம் எனப்படும் அமைப்பைக் கொண்டு வாலின் கிடைப்பகுதியைச் சற்று நகர்த்தி, கைவிசை தேவைப்படாத நிலைக்குக் கொண்டு வர வேண்டும். டிரிமைப் பயன்படுத்தத் தெரியாததே, புதியவர்கள் சில நிமிடங்களிலேயே களைத்துப்போவதற்கு முதன்மைக் காரணம்.

ஏர்பஸ் ஏ320 வேறு வகையானது. 1987ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தில், விமானியின் கையசைவு முதலில் கணினிக்குச் செல்கிறது. கணினியே தகடுகளை இயக்குகிறது. விமானத்தை 20 பாகை சாய்த்துவிட்டுக் கையை எடுத்தால், அது அதே சாய்வில் தொடர்ந்து பறக்கும். டிரிமையும் கணினியே கவனித்துக்கொள்ளும். செஸ்னாவில் பழகிய ஒருவர் இங்கே தொடர்ந்து கையை அசைத்துக்கொண்டே இருந்தால், கணினி செய்யும் வேலையோடு அவர் வீணே மோதிக்கொண்டிருப்பார். இவ்விமானத்தில் கற்க வேண்டிய முதல் பாடம், வேண்டிய நிலையை அடைந்ததும் கையை விட்டுவிடுவது.

ஈப்போவில் தொடங்கும் தரையிறக்கம்

"இறங்கும்போது விமானம் வேகத்தைக் குறைக்க மறுக்கிறது" என்பது மற்றொரு குறைபாடு. இதற்கான விடையைச் சிலாங்கூர், பேராக் மாநிலங்களின் வரைபடத்திலேயே காணலாம்.

விமானிகள் ஓர் எளிய கணக்கை வைத்திருக்கின்றனர். ஒவ்வோர் 1,000 அடி இறங்குவதற்கும் 3 கடல் மைல் தூரம் வேண்டும். ஒரு கடல் மைல் என்பது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். ஆக, 36,000 அடி உயரத்தில் பறக்கும் விமானம் இறங்கி முடிக்க 108 கடல் மைல், அதாவது 200 கிலோமீட்டர் தேவை.

வடக்கிலிருந்து வரும் ஒரு விமானம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தை நோக்கி நேராக வருவதாகக் கொள்வோம். அது ஈப்போவைக் கடந்த சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். தஞ்சோங் மாலிமுக்கு மேலே வரும்போது அதன் உயரம் ஏறத்தாழ 19,000 அடியாக இருக்க வேண்டும். புக்கிட் பெருந்துங்கிலிருந்து விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனவே, புக்கிட் பெருந்துங் வானில் அதன் உயரம் ஏறத்தாழ 14,000 அடியாகக் குறைந்திருக்க வேண்டும். உண்மையான விமானங்கள் காற்றின் திசைக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் கட்டளைக்கும் ஏற்ப வளைந்து செல்லும். ஆயினும், கணக்கின் அடிப்படை இதுவே.

புக்கிட் பெருந்துங்கைக் கடக்கும்போதும் 30,000 அடியில் இருக்கும் மாணவர் என்ன செய்வார்? மூக்கைத் தாழ்த்துவார். விமானம் இறங்கும், ஆனால், வேகம் கூடும். வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கினால் இறக்கம் நின்றுவிடும். உயரமும் ஆற்றல், வேகமும் ஆற்றல். ஒன்றை மற்றொன்றாக மாற்றலாமே தவிர, இரண்டையும் ஒரே நேரத்தில் கழித்துக்கட்டுவது கடினம். பெருவிமானத்தின் வடிவம் காற்றில் வழுக்கிச் செல்வதற்கென்றே அமைக்கப்பட்டுள்ளதால், அந்த ஆற்றல் எளிதில் தீர்வதில்லை. இறக்கையின் மேலுள்ள தடுப்புத் தகடுகளை உயர்த்தலாம். சக்கரங்களை முன்கூட்டியே இறக்கலாம். அதுவும் போதாவிட்டால், ஒரு வட்டமடித்து உயரத்தைக் குறைத்துவிட்டு வருவதே அறிவுடைமை.

பல விமான நிறுவனங்கள் இதற்கு ஒரு விதியையே வைத்திருக்கின்றன. தரையிலிருந்து 1,000 அடி உயரத்திற்கு வருவதற்குள், வேகம், இறங்கும் வீதம், இறக்கை மடல், சக்கரம், விமானத்தின் திசை ஆகிய அனைத்தும் சரியான நிலையில் இருக்க வேண்டும். தெளிவான வானிலையில் 500 அடிவரை சில நிறுவனங்கள் இடம் தருகின்றன. அவற்றுள் ஒன்று பிசகினாலும், தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழ வேண்டும். அது தோல்வியன்று, விமானியின் கடமை.

தானியங்கியும் மறந்துபோன நெம்புகோலும்

பெருவிமானத்தில் தானியங்கி விமானி எனும் அமைப்பு திசையையும் உயரத்தையும் பார்த்துக்கொள்கிறது. தானியங்கி விசைக் கட்டுப்பாடு வேகத்தைப் பார்த்துக்கொள்கிறது. வீட்டுப் பாவனையில் இங்கே ஒரு விந்தையான சிக்கல் எழுகிறது. உண்மையான போயிங் விமானத்தில், தானியங்கி விசையைக் கூட்டும்போது விசை நெம்புகோலும் தானாக நகரும். மேசைமேல் உள்ள நெம்புகோலோ நகர்வதில்லை. பயணம் முழுவதும் அது கடைசியாக வைத்த இடத்திலேயே கிடக்கிறது. தரையிறங்கும் முன் மாணவர் தானியங்கியை நிறுத்துகிறார். அந்த நொடியே மென்பொருள் மேசைமேல் உள்ள நெம்புகோலைக் கேட்கத் தொடங்குகிறது. அது பூச்சியத்தில் கிடந்தால் இயந்திர விசை முழுவதும் அடங்கிவிடுகிறது. அவர் பதறி விசையைக் கூட்டினாலும், நாம் முன்னர்க் கண்ட எட்டு வினாடி குறுக்கே நிற்கிறது. ஆகவே, தானியங்கியை நிறுத்தும் முன் நெம்புகோலை அப்போதைய விசைக்கு ஏற்ப நகர்த்தி வைக்க வேண்டும்.

தானியங்கி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அறியாமல் இருப்பது விளையாட்டன்று. 1990 பிப்ரவரி 14ஆம் நாள், மும்பையிலிருந்து பெங்களூருக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் 605 எனும் பயணத்தின்போது புதிய ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று பகல் வெளிச்சத்தில் தரையிறங்க நெருங்கியது. அப்போது இயந்திரங்களை மிகக் குறைந்த விசையில் வைத்து இறங்கும் முறையில் தானியங்கி இருந்தது. வேகம் குறைந்துகொண்டே வந்தது. அது உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை. முழுவிசை கொடுக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. இயந்திரங்கள் விசை பெறுவதற்குள் விமானம் ஓடுபாதைக்குச் சற்று முன்னே இருந்த குழிப்பந்துத் திடலில் மோதியது. விமானத்தில் இருந்த 146 பேரில் 92 பேர் உயிரிழந்தனர்.

நம் நாட்டு விமானம் ஒன்று இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. 2005 ஆகஸ்ட் 1ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸ் 124 எனும் பயணம், போயிங் 777 விமானத்தில் மேற்கொள்ளப்பட்டது. 38,000 அடி உயரத்தை நெருங்கியபோது, விமானத்தின் அசைவை அளக்கும் கணினி ஒன்று தவறான தகவலை அனுப்பியது. வேகம் மிகக் கூடிவிட்டது என்றும், மிகக் குறைந்துவிட்டது என்றும் முரணான எச்சரிக்கைகள் தோன்றின. தானியங்கி விமானி மூக்கை உயர்த்தியது. விமானம் சுமார் 41,000 அடிவரை ஏறியது. வேகம் 270 நாட்டிலிருந்து 158 நாட்டிற்குக் குறைந்தது. விமானிகள் உடனே தானியங்கியை நிறுத்தினர், மூக்கைத் தாழ்த்தினர், கையால் விமானத்தைக் கட்டுப்படுத்தி மீண்டும் பெர்த்திற்கே கொண்டு சென்று பாதுகாப்பாகத் தரையிறக்கினர். பயணிகள் 177 பேரும் உயிர் தப்பினர்.

இயந்திரம் சொல்வதை நம்பலாமா, கூடாதா என்பதை முடிவு செய்ய, விமானம் எந்நிலையில் எப்படிப் பறக்கும் என்பது விமானிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தானியங்கியின் உதவியின்றிக் கையால் ஓட்டிப் பழகுவதன் பயன் இத்தகைய வேளையில்தான் தெரியும்.

திரை தராதவை

வீட்டுப் பாவனைக்கு எல்லைகளும் உண்டு. உண்மையான விமானத்தில் வேகம் கூடும்போது முதுகு இருக்கையில் அழுந்தும். விமானம் துள்ளினால் உடல் உணரும். ஓரக்கண்ணால் பார்த்தே தரை நெருங்குவதை அறியலாம். தட்டையான திரை இவற்றைத் தருவதில்லை. அதனால்தான் பலர் தரையைத் தொடும் முன் மூக்கை மிக முன்கூட்டியே தூக்கிவிடுகின்றனர், அல்லது தூக்காமலே மோதுகின்றனர். போயிங் 737 விமானத்தில் ஏறத்தாழ 20 அடி உயரத்தில் மூக்கை 2 அல்லது 3 பாகை மட்டும் உயர்த்தினால் போதும். உடல் தராத செய்தியைக் கண் தேட வேண்டியிருப்பதால், உயரத்தை ஒலிக்கும் குரலையும் வேகம் காட்டும் அளவையையும் கவனிக்கும் பழக்கம் இன்றியமையாதது.

விமான நிறுவனங்களின் பயிற்சிக் கூடங்களில் உள்ள பாவனைப் பொறிகள் வேறு தரத்தவை. முழுமையான விமானி அறை ஒன்று, நீண்டு சுருங்கும் ஆறு கால்களின்மீது நின்று சாயவும் குலுங்கவும் செய்யும். கைப்பிடியும் உண்மையான எதிர்விசையைத் தரும். வானூர்தித் துறை அதிகாரிகள் சோதித்து ஏற்றுக்கொண்ட பொறிகளில் பெறும் பயிற்சியே விமானி உரிமத்திற்குக் கணக்கில் கொள்ளப்படும். வீட்டு மேசையில் பறந்த நேரம் அக்கணக்கில் சேராது.

அதனால் வீட்டுப் பயிற்சி வீண் என்று பொருளாகாது. அளவைகளைப் படிப்பது, இறங்குவதற்கான தூரத்தைக் கணக்கிடுவது, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி சரிபார்ப்பது, தானியங்கி எந்த முறையில் உள்ளது என்பதை வாய்விட்டுச் சொல்வது ஆகியவற்றை அங்கேயே பழகலாம். கணிதமும் இயற்பியலும் தேர்வுத்தாளுக்கு வெளியே என்ன செய்கின்றன என்பதையும் காணலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரப்படாமல் இருக்கப் பழகலாம். பெரிய பொறியை ஆள்வதற்குப் பெரிய அசைவு தேவையில்லை. முன்னதாக நினைப்பதும், சிறிதளவே கேட்பதும், பதில் வரும்வரை காத்திருப்பதுமே தேவை. நல்ல விமானியின் கை, பார்ப்பவருக்குச் சும்மா இருப்பதுபோலவே தோன்றும். அந்த அமைதிக்குப் பின்னால், அவருடைய எண்ணம் விமானத்திற்குப் பல மைல் முன்னே பறந்துகொண்டிருக்கும்.